நெடுவடமும் திரைப்படிமமும்

காரியம் ஒன்று தோன்றுமாயின் அதற்குக் காரணம் ஒன்று உண்டு என்பது தருக்க நூலாரின் அடிப்படைத் துணிபு. அக்காரணத்தை ஐயமறத் துணிதற்கு அவர்கள் இரு வழிகளைக் கைக்கொண்டனர். ஒன்று உள்ளவிடத்து மற்றொன்றும் உளதாதல் அன்னுவயம். அஃது இல்லாதவிடத்து மற்றையதும் இலதாதல் வெதிரேகம். புகை கண்டு தீயை அனுமானிக்கும் பழைய உதாரணத்தை நம் மாணவர் நன்கறிவர். அந்நெறியே இன்று நம் மண்டபங்களின் கூரையிலே தொங்கும் ஒரு கருவியின் நோயை அறிதற்கும் துணைபுரியும் என்பதைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புரொஜெக்டர் எனப் பலரும் வழங்கும் பல்லூடக எறியி இந்நாளில் கரும்பலகைக்கு அடுத்த போதனைக் கருவியாகிவிட்டது. சிறு வகுப்பறையில் இரண்டு மீற்றர் வடம் ஒன்றினால் கணினியோடு தொடுக்கப்படும்போது அது குறையின்றித் தொழிற்படுகின்றது. பெரிய மண்டபத்திலோ மேடையிலுள்ள கணினிக்கும் கூரையிலுள்ள எறியிக்கும் இடையில் வடமானது சுவரேறி, வளை வழியே சென்று, மீண்டும் இறங்க வேண்டியுள்ளது. இவ்வாறு அதன் நீளம் 15 முதல் 25 மீற்றர் வரை ஆதல் இயல்பு. அங்கேதான் இடர்கள் தொடங்குகின்றன. எழுத்து மங்குகின்றது, எழுத்தின் வலப்புறத்தே நிழலொன்று தோன்றுகின்றது, வெண்டாள் மஞ்சளாகின்றது, படத்தில் மின்மினிபோலப் புள்ளிகள் சிதறுகின்றன, சில செக்கன்களுக்கு ஒருமுறை திரை இருளடைகின்றது, அன்றேல், சமிக்ஞை இல்லை என்னும் அறிவித்தல் மட்டும் எஞ்சுகின்றது.

இவற்றைக் கண்டவுடன் எறியி பழுதாயிற்று எனத் துணிவதும், பழைய மாணவர் மனமுவந்து அளித்த பணத்தில் புதியதொன்றை வாங்குவதும், வாங்கிய பின்னரும் அதே பிழை தொடரக் கண்டு மலைப்பதும் பல இடங்களில் நிகழ்வனவே. வடத்தை எவரும் ஐயுறுவதில்லை. நீர் செல்லும் குழாய் போல, ஒரு முனையில் இட்டதை மறுமுனையில் அவ்வாறே தருவது வடம் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். நெடுவடம் அத்தகையதன்று. அது தன்னூடு செல்லும் சமிக்ஞையை மாற்றுகின்றது. எவ்வாறு மாற்றுகின்றது என்பதை அறிந்தவன், திரையிலே தோன்றும் பிழையின் வடிவத்தைக் கொண்டே அதன் இருப்பிடத்தைச் சொல்லலாகும்.

இது பணம்பற்றிய செய்தி மட்டுமன்று. மங்கிய திரையில் முதலில் மறைவன நுண்ணிய குறிகளே. 3.5 என்பது பின்வரிசை மாணவனுக்கு 35 ஆகத் தோன்றலாம். தமிழெழுத்தில் மெய்யின் தலைமேல் நிற்கும் புள்ளி மறையின், மெய் உயிர்மெய்யாகிவிடும். புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்த ஏட்டுச் சுவடிகளைப் படித்துப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) போன்றோர் எய்திய இடரை, நம் மாணவர் மின்விளக்கொளியில் எய்த வேண்டியதில்லை.

கடலடி வடம் கற்பித்த பாடம்

வடம் வெறுங்குழாய் அன்று என்பதை உலகம் பெரும்பொருள் இழந்தே கற்றது. 1858ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அயர்லாந்தையும் நியூபவுண்லாந்தையும் இணைத்து அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் முதலாவது தந்தி வடம் இடப்பட்டது. விக்ரோறியா மகாராணியார் அனுப்பிய ஏறக்குறைய நூறு சொற்கள் கொண்ட செய்தி மறுகரை சேர்தற்கு ஏறக்குறைய 16 மணித்தியாலம் சென்றது. அனுப்பிய கூரிய துடிப்புகள் நெடுவடத்திலே பரந்து, ஒன்றோடொன்று கலந்து சென்றமையே அத்தாமதத்துக்குக் காரணம்.

வடத்தின் செப்புக் கம்பிக்குத் தடை உண்டு. கம்பியும், அதனைச் சூழ்ந்த காவலியும், புறத்தேயுள்ள நீரும் சேர்ந்து ஒரு கொள்ளளவி போல மின்னேற்றத்தைத் தேக்குகின்றன. இவ்விரண்டும் நீளத்தோடு பெருகுதலால், தந்திவடத்தில் துடிப்பு மந்தமாகும் அளவு நீளத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாகும் என வில்லியம் தொம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்றவர், 1855இல் விளக்கியிருந்தார். வடத்துக்குப் பொறுப்பாயிருந்த வைற்கவுஸ் இதனை ஏற்றிலர். செய்தி மெலிந்தால் விசையைக் கூட்டினாற் போதும் எனக் கருதி, ஏறக்குறைய 2000 வோல்ற்று அழுத்தத்தைப் பிரயோகித்தார். ஏற்கெனவே குறைபாடுடைய அவ்வடம் சில வாரங்களில் முற்றாகச் செயலிழந்தது. தொம்சன் வகுத்த வழியோ, மெல்லிய ஓட்டத்தையும் ஒளிக்கதிரின் அசைவாற் காட்டும் கண்ணாடிக் கல்வனோமானியை வாங்கும் முனையில் வைப்பதாகும். 1866இல் செம்மையான வடம் இடப்பட்டபின் அத்திலாந்திக் தந்தி நிலைபெற்றது.

காரணத்தை அறியாது வலிமையைக் கூட்டுதல் பரிகாரமாகாது என்னும் இப்பாடம் மண்டபத்து வடத்துக்கும் பொருந்தும்.

ஒப்புமைமுறை வடத்தின் நோய்கள்

நம் கல்லூரிகளில் இன்றும் பழைய வி.ஜி.ஏ. வடங்கள் காணப்படுகின்றன. ஐ.பீ.எம். நிறுவனம் 1987இல் வெளியிட்ட இம்முறையில் 15 ஊசிகள் கொண்ட செருகி உண்டு. செம்மை, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் செறிவும் மூன்று கம்பிகளில் ஏறியிறங்கும் அழுத்தமாகச் செல்கின்றன. 1024க்கு 768 என்னும் பிரிதிறனில் செக்கனுக்கு 60 முறை படம் வரையப்படும்போது, ஒரு படப்புள்ளிக்குரிய காலம் ஏறக்குறைய 15 நனோசெக்கன் மட்டுமே. இம்முறையில் நேரும் பிழைகள் நான்கு வகையின.

முதலாவது மங்கல். மீடிறன் கூடுந்தோறும் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பை ஒட்டியே செல்லுதலால் தடை மிகுகின்றது. ஆகவே நுண்விபரங்களைத் தாங்கும் உயர்மீடிறன்களே நெடுவடத்தில் முதலில் நலிகின்றன. இம்மங்கலை வில்லையின் குவியப் பிழையினின்றும் வேறுபடுத்தி அறிதற்கு எளிய சோதனை உண்டு. படம் இடமிருந்து வலமாக வரையப்படுதலால், வடத்தின் நலிவு நிமிர்கோடுகளையே தாக்கும். கிடைக்கோடுகளை அவ்வளவு தாக்காது. திரையில் பெரிய ‘ப’ எழுத்தை இடுக. அதன் அடிக்கோடு கூர்மையாகவும் இரு கால்களும் மங்கலாகவும் இருப்பின் குற்றம் வடத்தினது. மூன்றும் ஒருங்கே மங்கின் வில்லையைத் திருத்துக.

இரண்டாவது நிழல். இவ்வடத்தின் சிறப்பியல்புத் தடங்கல் 75 ஓம் ஆகும். இடையில் பொருந்தாத இணைப்பியோ தரங்குறைந்த சுவர்க்குதையோ வருமாயின், அலையின் ஒரு பகுதி அங்கே தெறிக்கின்றது. தெறித்த பகுதி பின்சென்று, மற்றொரு குறையுள்ள பொருத்திலே மீண்டும் தெறித்து, சற்றுத் தாமதமாக எறியியை அடைகின்றது. எழுத்தின் வலப்புறத்தே நிற்கும் நிழல் அதுவே. வடத்தில் சமிக்ஞை ஒரு நனோசெக்கனில் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் செல்லும். குறையுள்ள இரு பொருத்துகளும் 20 மீற்றர் இடைவெளியில் இருப்பின், போய்மீளும் 40 மீற்றருக்கு 200 நனோசெக்கன் செல்லும்; அது 13 படப்புள்ளிகளுக்குச் சமம். இரண்டு மீற்றர் அகலமுள்ள திரையில் இது ஏறக்குறைய இரண்டரைச் சென்ரிமீற்றர். நிழல் அரைச் சென்ரிமீற்றர் தள்ளி நிற்பின், அப்பொருத்துகள் ஏறக்குறைய 4 மீற்றர் இடைவெளியில் உள்ளன எனலாம். கூரையேறாமலே, அளவுகோல் ஒன்றைக் கொண்டு குறை எங்குள்ளது என மதிப்பிடும் இவ்வாய்ப்பு மாணவருக்குச் சுவைமிக்க பௌதிகப் பயிற்சியாகும்.

மூன்றாவது நிறக்கேடு. நீலக் கம்பி அறுந்தால் வெண்டாள் மஞ்சளாகும். செங்கம்பி அறுந்தால் நீலப்பச்சையாகும். பச்சைக் கம்பி அறுந்தால் ஊதாச்சிவப்பாகும். செருகியின் ஊசி வளைதலும், கடற்காற்றுப் படும் ஊர்களில் தொடுகைகள் களிம்பேறுதலும் இதற்குப் பெரும்பாலான காரணங்கள். நிறம் முற்றாக மறையாது, எழுத்தின் ஒருபுறம் செவ்வோரமும் மறுபுறம் நீலவோரமும் தோன்றுமாயின், வலையமைப்பு வடத்தின் வழியே வி.ஜி.ஏ. அனுப்பப்படுகின்றதா என நோக்குக. அவ்வடத்தின் கம்பிச் சோடிகள் வெவ்வேறளவில் முறுக்கப்பட்டுள்ளமையால், மூன்று நிறங்களும் வெவ்வேறு நீளம் கடந்து வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கின்றன.

நான்காவது, திரையின் குறுக்கே மேலும் கீழும் நகரும் பட்டைகள். கணினியும் எறியியும் வெவ்வேறு மின்சுற்றுகளில் தொடுக்கப்பட்டு, அவற்றின் புவித்தொடுப்புகளிடையே சிறு அழுத்த வேறுபாடு இருக்குமாயின், வடத்தின் கவசத்தின் வழியே 50 மீடிறனுள்ள ஓட்டம் செல்கின்றது. மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றிப் பற்றரியில் மட்டும் இயக்குக. பட்டை மறைந்தால் காரணம் இதுவே. இரு கருவிகளையும் ஒரே சுற்றிலிருந்து ஊட்டுதல் இதற்குப் பரிகாரம். செருகியின் புவி ஊசியைக் கழற்றிவிடுதல் சிலர் செய்யும் குறுக்குவழி. அஃது உயிருக்கு ஆபத்து விளைக்கக்கூடியது, ஒருபோதும் செய்யற்க.

இலக்கமுறை வடத்தின் இயல்பு

2002ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த எச்.டி.எம்.ஐ. முறை இன்று பெருவழக்காயிற்று. இதில் நிறங்களின் செறிவு எண்களாக மாற்றப்பட்டு, மூன்று கம்பிச் சோடிகளில் செல்கின்றது. 1920க்கு 1080 பிரிதிறனில் செக்கனுக்கு 60 படங்கள் செல்லும்போது, ஒவ்வொரு சோடியும் செக்கனுக்கு 148.5 கோடி பிற்றுகளைச் சுமக்கின்றது. 20 மீற்றர் வடமொன்றில், எந்நேரமும் ஏறக்குறைய 150 பிற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வழியிலே நிற்கின்றன என இதனைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவற்றின் விளிம்புகள் மழுங்கி ஒன்றோடொன்று கலப்பின், வாங்கும் கருவிக்குப் பூச்சியம் எது, ஒன்று எது எனத் துணிய இயலாது போகும்.

ஒப்புமைமுறைப் படம் மாலைப் பொழுது மங்குவதுபோலச் சிறிது சிறிதாகக் கெடும். இலக்கமுறைப் படமோ ஓரெல்லை வரை சற்றும் கெடாது நின்று, அவ்வெல்லையைத் தாண்டியவுடன் விளக்கணைந்தாற்போல மறையும். எல்லையின் விளிம்பிலே தோன்றுவன மின்மினிப் புள்ளிகளும் இடையிடையே வரும் இருளும். ஆதலால், ஒத்திகையன்று படம் தெளிவாயிருந்தமை விழாவன்றும் தெளிவாயிருக்கும் என்பதற்கு உறுதியாகாது. புள்ளிகள் ஒன்றிரண்டு காணப்படினும் அவற்றை எச்சரிக்கையாகவே கொள்க.

இம்முறையில் படம் செல்லுமுன் ஓர் உரையாடல் நிகழ்கின்றது என்பதும் அறிதற்பாலது. கணினி ஒரு கம்பியில் 5 வோல்ற்று அழுத்தத்தை அளிக்கின்றது. எறியி மற்றொரு கம்பியினால் தன் இருப்பை அறிவிக்கின்றது. பின்னர், தான் காட்டத்தக்க பிரிதிறன்கள் எவை என்னும் விபரத்தை இரு மெல்லிய கம்பிகளின் வழியே கணினிக்குச் சொல்கின்றது. இவ்வுரையாடல் படத்தினும் பன்மடங்கு மெதுவானது; எனினும் நெடுவடத்தில் இதுவும் தவறும். கம்பிகளின் கொள்ளளவம் நீளத்தோடு பெருகித் துடிப்புகளை மந்தமாக்குதலே காரணம். தொம்சன் கடலடி வடத்திற் கண்ட உண்மை இங்கும் தலைகாட்டுகின்றது. உரையாடல் தவறின் கணினி எறியியை அறியாது. அன்றேல் அதற்கு ஒவ்வாத பிரிதிறனில் படத்தை அனுப்பும். மேசைத்திரையும் பாடக்குறிப்பும் தெளிவாகத் தோன்ற, விலைக்கு வாங்கிய திரைப்படம் மட்டும் கறுப்பாயிருப்பின், முதலில் ஐயுறத்தக்கது பதிப்புரிமைப் பாதுகாப்பிற்கான மறைகுறி உடன்பாடு, நீளம் அன்று.

ஆராயும் முறை

இனி அன்னுவயமும் வெதிரேகமும் கொண்டு ஆராயும் ஒழுங்கைக் கூறுவாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் இதன் உயிர்நாடி. இரண்டை ஒருங்கே மாற்றிப் பிழை நீங்கினாலும், எதனால் நீங்கிற்று என்பது தெரியாது.

முதற்படி: கணினியை எறியிக்கு அருகே கொண்டுசென்று இரண்டு மீற்றர் வடத்தால் தொடுக்க. பிழை தொடரின் குற்றம் கருவிகளில், நீங்கின் வழியில். புதிய எறியி வாங்குமுன் ஏணி ஒன்றும் சிறுவடம் ஒன்றும் கொண்டு செய்யத்தக்க சோதனை இதுவாகும்.

இரண்டாம் படி: நெடுவடத்தை மீண்டும் தொடுத்துப் பிரிதிறனைக் குறைக்க. 1920க்கு 1080 என்பதை 1280க்கு 720 ஆக்கின் வடத்தின் சுமை சரிபாதியாகும். பிழை நீங்கின், வடத்தின் ஆற்றல் போதாமையே காரணம். நீங்காதாயின் தொடுகையையோ புவித்தொடுப்பையோ முன்கூறிய உரையாடலையோ ஐயுறுக.

மூன்றாம் படி: வழியிலுள்ள சுவர்க்குதை, இணைப்பி, மாற்றி ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீக்கி நோக்குக. ஒவ்வொரு பொருத்தும் தன் பங்குக்குச் சமிக்ஞையை நலியச் செய்கின்றது. எச்.டி.எம்.ஐ. செருகிக்குத் திருகாணி இன்மையால், தொங்கும் வடத்தின் பாரமே அதனைச் சிறிது கழற்றிவிடுதலும் உண்டு.

நான்காம் படி: எறியியை முதலில் இயக்கி, வடத்தைத் தொடுத்து, இறுதியில் கணினியை இயக்குக. இவ்வொழுங்கில் மட்டும் படம் தோன்றுமாயின் உரையாடலே தவறுகின்றது என்க.

ஐந்தாம் படி: மண்டபத்து மின்விசிறியையும் விளக்குகளையும் ஏற்றியணைத்துப் பார்க்க. அவ்வேளையில் திரை இமைப்பின், வடம் மின்கம்பிகளோடு ஒரே குழாயிற் செல்கின்றதா என ஆராய்க.

பரிகாரங்கள்

செலவில்லாத பரிகாரம் முதலிற் செய்யத்தக்கது. நம் எறியிகளுட் பல 1024க்கு 768 அல்லது 1280க்கு 800 என்னும் இயற்பிரிதிறன் உடையவை. அவற்றுக்கு 1920க்கு 1080 படத்தை அனுப்பினும் அவை அதனைச் சுருக்கியே காட்டும். காணப்படாத நுண்மைக்காக வடத்தை வருத்துதல் வீண். கணினியை எறியியின் இயற்பிரிதிறனில் அமைப்பதனால் மட்டுமே பல மண்டபங்களின் இடர் தீரும். கணினியையே எறியிக்கு அருகில் வைத்துவிட்டு, பேச்சாளர் கையிற் கம்பியில்லாப் பக்கமாற்றியைக் கொடுத்தல் மற்றொரு வழி.

வடம் மாற்றவே வேண்டுமாயின், இடைப்பொருத்தில்லாத ஒரே நீளமாக வாங்குக. செப்புப் பூச்சிட்ட அலுமினியக் கம்பி மலிவானது. ஆயினும் அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினதில் ஏறக்குறைய 61 சதவீதமே. சாதாரணச் செப்பு எச்.டி.எம்.ஐ. வடம் 10 முதல் 15 மீற்றருக்கு அப்பால் நம்பத்தக்கதன்று. அதற்கு மேல் இரு வழிகள் உண்டு. ஒன்று ஒளியியல் நார் கொண்ட எச்.டி.எம்.ஐ. வடம். இதற்குத் திசை உண்டு. அம்புக்குறி எறியியை நோக்கியிருத்தல் வேண்டும். மற்றது 2010இல் வெளிவந்த எச்.டி.பேஸ்.ரீ. முறை. இது வலையமைப்பு வடம் ஒன்றின் வழியே 100 மீற்றர் வரை படத்தைக் கொண்டுசெல்லும். ஆயினும் இரு முனைகளையும் அவ்வடம் நேரே இணைத்தல் வேண்டும். இடையில் வலையமைப்பு ஆளியைப் புகுத்தின் தொழிற்படாது. விரியலாக்கி வாங்குவோர், சமிக்ஞை முற்றாகச் சிதைந்த இடத்தில் அதனை வைப்பின் சிதைவும் உடன் பெருகும் என்பதை வைற்கவுஸின் கதையோடு சேர்த்து நினைவிற் கொள்க.

புதிதாக மண்டபம் அமைப்போர் மின்கம்பிக்கு ஒரு குழாயும் படவடத்துக்கு வேறொரு குழாயும் இடுக. படவடக் குழாய் அகலமாயிருத்தல் நன்று. அதனுள் இழுகயிறு ஒன்றும் விட்டுவைக்க. இன்றைய வடம் நாளை பழமையாகும். குழாயும் கயிறும் பலகாலம் பயன்தரும்.

விழாமேடையில் படம் இருளும்போது சபையின் கண்கள் கணினியருகே நிற்கும் மாணவன்மீதே விழுகின்றன. அவன் பெரும்பாலும் குற்றமற்றவன். அவனைக் கடிந்துகொள்ளுதலும் எறியியைப் பழித்தலும் ஆராயாது துணிதலாகும். மேற்கூறிய ஐந்து படிகளையும் அவன் கையிற் கொடுப்போமாயின், பௌதிகம் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று என்பதை அவன் தானே உணர்வான். மண்டபத்தின் பின்வரிசையில் இருப்பவனும் மெய்யின் புள்ளியைத் தெளிவாகக் காண்பான்.